திண்டிவனம் ரிசப்ஷனுக்கு ஒரு சைட் ரிதம்

அந்தப் பையை மேலே வைக்க வேண்டாம் தம்பி, என் மடியிலேயே இருக்கட்டும். பிரேக் போட்டால் உருண்டுடும். பெரிய பை எங்கே கிடந்தாலும் சரி, அதில் ஸ்டாண்டும் வயரும்தான். இதில் பாங்கோஸ் இருக்கு. தோல் வெயிலுக்கும் ஆகாது, ஏசிக்கும் ஆகாது. வீட்டோட வந்து தங்கிட்ட சம்பந்தி மாதிரி பார்த்துக்கணும். நீங்க நகர்ந்து இடம் கொடுத்தீங்களே, அதுவே பெரிசு.

விழுப்புரமா? நான் திண்டிவனம். ஆறு மணிக்கு மண்டபத்தில் இருக்கணும். இப்ப மூணுதானே. போயிடலாம்.

வாசிக்கிறவன்தான். பேர் சவரிமுத்து. பேரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. கையைக் கேட்டிருப்பீங்க. உங்க அம்மா வயிற்றில் இருக்கும்போதே கேட்டிருப்பீங்க. முப்பத்தெட்டு வருஷம் தம்பி, சினிமா ரெக்கார்டிங்கும் வெளிநாட்டுக் கச்சேரியுமா. சைட் ரிதம்னு சொல்லுவாங்க. நடுவில் தபலாக்காரர் இருப்பார், டிரம்ஸ் இருப்பார், அவங்களை எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து மிச்சம் இருக்கிற எல்லாத்தையும் வாசிக்கிறவன் சைட் ரிதம். கஞ்சிரா, உடுக்கை, மோர்சிங், தும்பா, ஷேக்கர். கதாநாயகி நடந்தால் கொலுசு நான். குதிரை வந்தால் சிரட்டை நான். மழை வேணுமா, தகரத் தட்டில் கடுகைப் போட்டு ஆட்டுவேன். குடத்தில் தண்ணி தளும்புற சத்தம் வேணும்னு ஒரு மியூசிக் டைரக்டர் கேட்டார். பேர் வேண்டாம். கேன்டீன் குடத்தையே தூக்கிட்டு வந்துட்டேன். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் யாருக்கும் குடிக்கத் தண்ணி இல்லை.

"சவரி இருக்கானா, அப்பப் பிரச்சினை இல்லை."

என்னைப் பற்றி யார் சொன்னாலும் இதைத்தான் சொன்னாங்க. நல்லா வாசிக்கிறான்னு சொன்னவங்க கம்மி. பிரச்சினை இல்லை. அவ்வளவுதான். பம்பைக்காரர் ஊருக்குப் போயிட்டாரா, சவரியைக் கூப்பிடு. உடுக்கைக்காரருக்கும் புரொடியூசருக்கும் சண்டையா, சவரியைக் கூப்பிடு. நான் முடியாதுன்னு சொன்னதே இல்லை. அந்த வார்த்தை எனக்கு வாயில் வராது. குணம் அப்படி. அதுக்கு என்ன பண்றது.

இன்றைக்கும் அப்படித்தான் கிளம்பி வந்திருக்கேன். காலையில் கோபிநாத் போன் பண்ணினான். சின்ன வயசு, சொந்தமா மெல்லிசைக் குழு வெச்சிருக்கான். "அண்ணே, திண்டிவனத்துல ஒரு ரிசப்ஷன். நம்ம சைட் ரிதம் ஆளுக்கு அம்மை போட்டிருக்கு. வர்றீங்களா?" என்றான். வர்றேன் என்று சொன்ன பிறகுதான் யார் வீட்டுக் கல்யாணம்னு கேட்டேன். பத்திரிகையை போனில் அனுப்பினான். பார்த்தால், துரைக்கண்ணு – சரோஜா தம்பதியர் மகள் சுகன்யா.

ஸ்டெல்லாவிடம் காட்டினேன். என் வீட்டுக்காரி. கண்ணாடியைப் போட்டுப் படித்தாள்.

"நமக்குப் பத்திரிகை வெச்சாரா அவர்?"

"இதோ வந்திருக்கே."

"இது கோபிக்கு வந்தது. கூப்பிடாத கல்யாணத்துல போய்த் தட்டப் போறியா?"

"நான் எங்கே போறேன். குழு போகுது, அது கூடப் போறேன்."

"உனக்கு எல்லாமே அப்படித்தான்" என்று அடுப்படிக்குப் போயிட்டாள். அவளுக்கு எப்பவுமே பாதிதான் பேசத் தெரியும்.

துரைக்கண்ணு யாருன்னு கேட்கிறீங்களா. அதைத்தான் சொல்ல வர்றேன். டோலக் கண்ணுன்னால் எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். என்னைவிட அஞ்சு வயசு மூத்தவர். நான் மணப்பாறையிலிருந்து ஒரு டாம்பரினோடு வந்து இறங்கி, மூணு மாசம் ஸ்டூடியோ வாசலில் நின்னேன். கோயில் பாடகர் குழுவில் தட்டியதுதான் என் அனுபவம். ஒருநாள் அவராகத் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிட்டுப் போய், ஆட்களைப் போடுகிற இன்சார்ஜிடம், "இவனுக்கு ஒரு ஷேக்கர் கொடுத்துப் பாருங்க. காலப்பிரமாணம் ஆடாம நிக்குது இவன்கிட்ட" என்றார். வாசலில் நான் காலால் தட்டிக்கிட்டு நின்றதை எத்தனை நாளாகக் கவனித்தாரோ. கேட்டதில்லை.

அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். ஸ்டூடியோவில் ஒரே கண்ணாடித் தடுப்புக்குள். அவர் வாசிக்கிறது டோலக் ஒண்ணுதான். வேறு எதையும் தொட மாட்டார். "ஒண்ணே ஒழுங்கா வர மாட்டேங்குது சவரி" என்பார். அவ்வளவு வாசிச்சும் அப்படிச் சொல்லுவார். டோலக் இல்லாத பாட்டுன்னால் வெளியே வேப்பமரத்தடியில் பேப்பர் படிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். நான் உள்ளே நாலு வாத்தியம் மாற்றி மாற்றி வாசிச்சுட்டு வியர்வையோடு வருவேன். "என்னடா, இன்னைக்குக் குதிரையா, கொலுசா?" என்று கேட்பார். "ரெண்டும்ணே." "கொலுசு போட்ட குதிரையா, நல்லா இருக்கும்." இப்படித்தான். நாங்க பெரிசா எதுவும் பேசினதில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கு தம்பி. இன்னொருத்தர் வாத்தியத்தைத் தொட மாட்டோம். வழியில் இருந்தால் நகர்த்தக்கூட மாட்டோம். ஆள் பாத்ரூம் போயிருந்தால், வந்த பிறகு கேட்டுட்டுத்தான் நகர்த்துவோம். எழுதி வெச்ச சட்டம் இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொருத்தர் கைக்கு ஒவ்வொரு மாதிரி இழுத்துக் கட்டியிருப்பாங்க. கண்ணு அண்ணன் டோலக்கில் தோலை இறுக்குகிற நட்டு ரெண்டு பக்கமும் இருக்கும். ஒவ்வொரு நட்டிலேயும் ஒரு சிவப்புப் புள்ளி. எவ்வளவு இறுக்கணும்கிறதுக்கு அடையாளம். சுகன்யா சின்னப் பிள்ளையா இருந்தப்ப நகப்பாலிஷில் வெச்சுக் கொடுத்தது. அழிய அழிய அதுவேதான் வெச்சுக் கொடுக்கும். அதைவிட்டு ஒரு நூல் தள்ளினாலும் அவருக்கு ஆகாது.

சரி. அந்த டூருக்கு வர்றேன்.

ஒன்பது வருஷம் ஆச்சு. சுவிஸ், ஜெர்மனி, பிரான்ஸ். இருபத்திரண்டு நாள், ஆறு கச்சேரி. யோகநாதன் என்று சூரிச்சில் ஒரு இலங்கைத் தமிழர் ஏற்பாடு. கண்ணு அண்ணனுக்கு அதுதான் முதல் வெளிநாடு. நான் அதுக்குள்ள சிங்கப்பூர், மலேசியா, துபாய் எல்லாம் எத்தனையோ தடவை போயிட்டேன். என்னைக் கூட்டிட்டுப் போனால் நாலு ஆள் மிச்சம் இல்லையா. அவரைக் கூட்டிட்டுப் போனால் ஒரு டோலக்தான். அதனால் அவருக்கு அமையவே இல்லை. இந்தத் தடவை நிறையக் கிராமத்துப் பாட்டு, அதனால் அவர் பேரும் வந்தது. பாரிமுனைக்குப் போய் ஸ்வெட்டர் வாங்கினார். சாலிகிராமம் தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க. சுகன்யா அப்ப காலேஜ் முதல் வருஷம், அது கிளாஸில் போய்ச் சொல்லியிருக்கு.

விசாவில் ஒரு சிக்கல். அவர் அப்பா பேர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஃபாரத்தில் ஒரு மாதிரி. மூணு நாளில் சரியாயிடும், பின்னாடியே வந்துடுங்கன்னு சொல்லிட்டு நாங்க கிளம்பினோம். வாத்தியம் எல்லாம் ஒரே லிஸ்ட். ஒரே லாட்டாகப் போகணும். அதனால் அவர் டோலக்கும் எங்களோடு வந்தது. ஏர்போர்ட் வரைக்கும் அவரே வந்து பெட்டிக்கு பெல்ட் கட்டினார். "பார்த்துக்க சவரி" என்றார். டோலக்கைத்தான் சொன்னார். பார்த்துக்கிட்டேன். ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்து சேர்த்தேன். அதை அவர் எங்கேயாவது சொல்லியிருப்பாரா, சொல்லியிருக்க மாட்டார்.

முதல் கச்சேரி சூரிச்சில். கண்ணு அண்ணன் இன்னும் வரவில்லை. கீபோர்டு ஜெயசீலன்தான் குழுவுக்குத் தலை. "சவரி, டோலக் இல்லாம எப்படி அந்த நாலு கிராமத்துப் பாட்டைப் பண்றது? ஜனம் அதுக்குத்தான் வந்திருக்கு" என்றார். நான் என்ன சொல்லுவேன், உங்களுக்குத் தெரியும். பெட்டியைத் திறந்தேன். போன் பண்ணிக் கேட்கலாம்னு நினைச்சேன், நினைக்காமல் இல்லை. ரோமிங், நேரம் வேற ஆகுது, திரை தூக்கப் போறாங்க. அவர் டோலக்கில் தோல் என் கைக்குத் தளர்வா இருந்தது. ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று இறுக்கினேன். அரைச் சுற்றுதான்.

அன்றைக்கு வாசிச்ச மாதிரி நான் வாசிச்சதில்லை தம்பி. எழுந்து நின்று கை தட்டினாங்க. வழக்கமா பாடுறவங்களைத்தான் தட்டுவாங்க. அன்றைக்கு ஒரு கிழவர் மேடைக்குக் கீழே வந்து என் கையைப் பிடிச்சு, "தம்பி, ஊருக்குப் போய் வந்த மாதிரி இருந்தது" என்றார். என் கையை. முப்பது வருஷத்தில் முதல் தடவை ஒரு நடு வாத்தியம் என் மடியில் இருந்தது.

கண்ணு அண்ணன் வரவில்லை. யோகநாதன் அவர் டிக்கெட்டை வேண்டாம்னு சொல்லிட்டார். ஆறு கச்சேரியும் நானே பார்த்துக்கிட்டேன்.

என்ன கேட்டீங்க? விசா வந்ததாவா? வந்தது. ரெண்டாம் நாளே வந்துடுச்சு. அப்புறம் ஏன் வரலைன்னால், அதெல்லாம் ஏற்பாடு பண்றவங்க முடிவு. நாம வாசிக்கப் போறவங்க. நமக்கு அதில் என்ன.

ஊர் திரும்பியதும் நேரே அவர் வீட்டுக்குத்தான் போனேன். வேறு யாராவது என்றால் ஆள்கிட்ட கொடுத்து அனுப்பியிருப்பாங்க. நான் நானே தூக்கிட்டுப் போனேன். பெட்டியைத் திறந்தார். கட்டைவிரலால் நட்டு மேலே ஒண்ணொண்ணாத் தடவிக்கிட்டே போனார். புள்ளியெல்லாம் பக்கவாட்டில் திரும்பி இருந்தது. எனக்கு அதைத் திருப்பி வைக்கணும்னு தோணவே இல்லை பாருங்க. மறந்துட்டேன்.

"ஆறு புரோகிராமும் இதுலதானா?"

"ஆமாண்ணே. அருமையாப் பேசிச்சுண்ணே உங்க டோலக்."

"ம்."

அண்ணி காபி கொண்டுவந்தாங்க. நான் குடிக்கிற வரைக்கும் அவர் ஸ்பேனரை வெச்சு ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று தளர்த்திக்கிட்டிருந்தார். சுகன்யா உள்ளேயிருந்து வரவே இல்லை. எப்பவும் மாமான்னு ஓடி வரும். பரீட்சையோ என்னவோ.

அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அந்த "ம்"தான். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். ஏண்டா தொட்டேன்னு கேட்டிருக்கலாம். கேட்டால்தானே நானும் சொல்ல முடியும். ஒன்பது வருஷம் தம்பி. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவேன், புது வருஷத்துக்கு அனுப்புவேன். பார்த்துட்டார்னு நீலக் கோடு விழும். அவ்வளவுதான். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.

அந்த டூர் நல்லாப் போச்சுன்னு வெளியே பேச்சு ஆச்சு. சவரி டோலக்கையும் சேர்த்துப் பார்த்துக்கிறார்னு எல்லாக் குழுவுக்கும் தெரிஞ்சுபோச்சு. கனடாவுக்கு ஒரு ஆள் போதும், ஆஸ்திரேலியாவுக்கு ஒரு ஆள் போதும். அப்புறம் ரெக்கார்டிங்கிலும் அப்படியே. நான் யாரையும் போய்க் கேட்கவில்லை. கூப்பிட்டாங்க, போனேன். ரெண்டு வருஷத்தில் அவர் சாலிகிராமத்தைக் காலி பண்ணி, சொந்த ஊர் திண்டிவனத்துக்கே போய் நோட்டுப் புத்தகக் கடை வெச்சுட்டார். டோலக்கைப் பரண் மேல் போட்டுட்டாராம். ஏன் போட்டார்? எப்பேர்ப்பட்ட கை. இன்னும் பத்து வருஷம் வாசிச்சிருக்கலாம். ஜெயசீலனிடம்கூட ஒருநாள் சொன்னேன், இப்படித் திறமையை வீணடிக்கிறாரே என்று. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, டீ சொன்னார்.

மதுராந்தகம் தாண்டியாச்சா? ஏரியில் தண்ணி இருக்கா? என் பக்கம் தெரியவில்லை.

இன்றைக்கு எப்படி நடக்கும்னு நான் யோசிச்சு வெச்சிருக்கேன். மேடையில் ஓரமாத்தான் உட்காருவேன். முதல் பாட்டு ஆரம்பிக்கும். அவர் வாசலில் நின்னு ஆட்களை வரவேற்றுக்கிட்டிருப்பார், மேடையைப் பார்க்க மாட்டார். ஆனால் கை காதில் விழும் இல்லையா. இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவர். நாலு தட்டில் தெரிஞ்சுடும் சவரி என்று. திரும்பிப் பார்ப்பார். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். பேசவே வேண்டாம். எல்லாம் சரியாயிடும். நமக்கு வாய் எதுக்கு.

இருங்க தம்பி, போன். கோபி. இந்தப் பையை ஒரு நிமிஷம் பிடிங்க.

சொல்லு கோபி. யாரு? எதுக்குப் பேசணுமாம்? சரி, கொடு.

...

கொடுங்க பையை. நன்றி.

அவர்தான். கேட்டுச்சா உங்களுக்கு? ஸ்பீக்கர் சத்தம் ஜாஸ்தி இந்த போனில். கேட்டிருக்கும். இருந்தாலும் சொல்றேன். சொன்னால்தான் எனக்கே நடந்த மாதிரி இருக்கும்.

"சவரி" என்றார். அதே குரல். கொஞ்சம் கரகரப்பா இருக்கு.

"சொல்லுங்கண்ணே."

"எங்கே வந்துட்டே?"

"மேல்மருவத்தூர் வரப்போகுதுண்ணே."

"கோபிகிட்ட யாரு வர்றாங்கன்னு கேட்டேன். உன் பேரைச் சொன்னான். நீ வாசிக்க வேணாம். நான் அவன்கிட்ட சொல்லிட்டேன்."

"அண்ணே, நான் ஒண்ணும் நினைச்சுக்கிட்டு..."

"பையோட மேடை ஏறாதே. முன்னாடி வந்து உட்காரு. ஸ்டெல்லாவைக் கூட்டிட்டு வரலையா?"

"வேலைக்குன்னு கிளம்பினேன்ணே, அதான்."

"ம். சரோஜா கேட்பா. சரி, வந்து சாப்பிட்டுட்டுப் போ."

வெச்சுட்டார்.

பார்த்தீங்களா. வாசிக்க வேணாமாம். முப்பத்தெட்டு வருஷத்தில் என்னை யாரும் இப்படிச் சொன்னதில்லை. வாசின்னுதான் சொல்லியிருக்காங்க. இன்னும் ஒண்ணு சேர்த்து வாசின்னு சொல்லியிருக்காங்க. கிளம்பி, பஸ் ஏறி, பாதி வழி வந்தவனை வேணாம்னு சொன்னால் என்ன அர்த்தம்? முன்னாடி உட்கார வெச்சு, என் இடத்தில் யாரையோ தட்ட விட்டு, நீ இல்லாமலே நடக்குது பாருன்னு காட்டத்தானே? ஒரு மனுஷனுக்கு இதைவிட என்ன அவமானம் வேணும். நான் அவருக்கு இப்படியா பண்ணினேன்?

நீங்க பதில் சொல்ல வேண்டாம்.

வெயில் இறங்கிடுச்சு. திரையை விலக்கிக்கோங்க.

முன்னாடி ஒண்ணு கேட்டீங்களே, விசா வந்தும் ஏன் வரலைன்னு. ரெண்டாம் நாள் காலையில் யோகநாதன் வீட்டில் இடியாப்பம் சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெயசீலனைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார். "அண்ணை, அவருக்கு விசா வந்திட்டுதாம். ரிக்கற் போடட்டோ, இல்லாட்டி இப்பிடியே ஓடுவமோ? நேற்றுச் சோக்கா இருந்தது. நீங்கள் சொல்லுறதுதான்" என்றார். நல்ல மனுஷர். டிக்கெட் போடுன்னு சொல்லியிருந்தால் போட்டிருப்பார். எனக்கு முந்தின நாள் கிழவர் கையைப் பிடிச்சது இன்னும் கையிலேயே இருந்தது. "இப்படியே நல்லாத்தானே ஓடுதுங்க" என்றேன்.

பொய் இல்லையே. நல்லாத்தானே ஓடிச்சு. கேட்டதுக்கு உள்ளதைச் சொன்னேன். ஸ்டெல்லாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கு இதில்.

கண்ணு அண்ணனுக்குத் தெரியுமான்னு கேட்கிறீங்க. தெரியாது. எப்படித் தெரியும். இடியாப்பத் தட்டுக்கும் எனக்கும் யோகநாதனுக்கும்தான் தெரியும். யோகநாதன் அடுத்த வருஷம் மெட்ராஸ் வந்தார், சாலிகிராமத்தில்தான் தங்கினார். அவர் சொல்லியிருக்க மாட்டார். எதுக்குச் சொல்லப் போறார்.

சொல்லியிருப்பாரா?

அப்படித் தெரிஞ்சிருந்தால், ஸ்டெல்லா வரலையான்னு கேட்பாரா தம்பி?

அச்சிறுபாக்கம் போயாச்சு. இன்னும் அரை மணி நேரம். பைபாஸில்தான் நிறுத்துவான். இறங்கி ரோட்டைத் தாண்டி நின்னால் அந்தப் பக்கம் மெட்ராஸ் பஸ். ஒன்பது மணிக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். ஸ்டெல்லா ஒண்ணும் கேட்க மாட்டாள். இந்தப் பக்கம் ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷத்தில் மண்டபம். பையை எங்கே வைக்கிறது, அதுவும் தெரியவில்லை. கோபி வேன் நிற்கும், அதில் போட்டுடலாம். போட்டுட்டு? வெறும் கையோடு உள்ளே போகணும். போய் உட்காரணும். இந்தச் சட்டை ரொம்பக் கசங்கி இருக்கா?

தம்பி, உங்களை ஒண்ணு கேட்கணும். சிரிக்காதீங்க. எனக்குத் தெரிஞ்சு ஆயிரம் ரிசப்ஷனுக்கு மேல் வாசிச்சிருக்கேன். நாங்க எப்பவும் கடைசிப் பந்தி. ஜனமெல்லாம் போன பிறகு, வயரைச் சுருட்டி வெச்சுட்டு, பந்தல்காரங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவோம். இந்த விருந்தாளியா வர்றவங்க எப்படிப் பண்ணுவாங்க? முதல்ல மேடை ஏறிப் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்துட்டு அப்புறம் சாப்பிடணுமா, இல்லை, சாப்பிட்டுட்டு வந்து பார்க்கணுமா?